முழுக்குத் தண்ணீர்

சொட்டக்கா வீட்டு நீல டிரம்மில் தண்ணீர் விளிம்புக்கு மேலே ஒன்றரைச் சாண் உயரத்துக்குக் கும்பாரமாக நின்றது. ஒரு சொட்டும் கீழே வழியவில்லை. அரிசியைத் தலை தட்டாமல் அளந்தால் படியின் மேல் எப்படிக் குவிந்து நிற்குமோ, அப்படி. தொட்டால் விரல் நனைந்தது, ஊதினால் லேசாக ஆடியது, மற்றபடி அது தண்ணீர்தான். வரிசை வீடுகளில் குடியிருந்தவர்கள் முதல் வாரம் வந்து எட்டிப் பார்த்தார்கள். அடுத்த வாரம் அவரவர் பிழைப்பைப் பார்க்கப் போய்விட்டார்கள். அந்தத் தண்ணீர் எதற்கு என்பது எல்லோருக்கும் தெரியும். பெற்ற மகனைத் தலை முழுகுவதற்காக அவள் சேர்த்து வைத்தது அது.

அவள் கட்டட வேலையில் சித்தாள். கணவன் கொத்தனார். அவர் சுவர் ஏற்றுவார், அவள் கலவை குழைத்துச் சட்டியில் தூக்கிக் கொடுப்பாள். அத்தனை வருடம் சட்டி சுமந்ததில் அவள் உச்சியில் ஒரு காசு அகலத்துக்கு முடி முளைப்பதை நிறுத்திவிட்டது. கட்டடத்தில் தண்ணீருக்கு மரியாதை உண்டு. கலவையில் ஒரு குவளை கூடினால் சுவர் வெடிக்கும், ஒரு குவளை குறைந்தால் உதிரும். அந்தப் பழக்கத்தை அவள் வீட்டுக்கும் கொண்டு வந்தாள். ஆறு வீட்டுக்கு ஒரு குழாய். அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் வரும், அடுப்பில் உலை கொதிப்பதற்குள் நின்றுவிடும். அவள் வீட்டில் தண்ணீர் ஒரே வேலையோடு தப்பிக்க முடியாது. அகலமான பேசினுக்குள் உட்கார்ந்துதான் குளிக்க வேண்டும். குளித்த தண்ணீர் துணி துவைக்கும், துவைத்த தண்ணீர் தரை துடைக்கும், தரை துடைத்தது கழிப்பறைக்குப் போகும். காய் கழுவிய தண்ணீர் பாத்திரத்தின் முதல் அழுக்கை எடுத்துவிட்டு, வாசலில் உடைந்த வாளியில் நின்ற மிளகாய்ச் செடிக்குப் போகும். "ஒரு வேலைய முடிச்சுட்டுக் கையைத் தட்டிட்டுப் போறதுக்கு இதென்ன மேஸ்திரியா? நம்மள மாதிரி நாலு வேலை பார்க்கட்டும்" என்பாள். பல் விளக்க ஆளுக்கு ஒரு டம்ளர். "எனக்குத்தான் பாதிப் பல்லு போயிடுச்சே, அந்தப் பாதித் தண்ணி எங்க போகுது?" என்று கொத்தனார் ஒருமுறை கேட்டார். மறுநாளிலிருந்து அவருக்கு அரை டம்ளர் ஆனது. அதன்பிறகு அவர் தண்ணீரைப் பற்றிக் கேள்வி கேட்பதை விட்டுவிட்டார். சொட்டு என்ற பெயரை வரிசை வீடுகள் கேலிக்குத்தான் வைத்தன. அவள் அதைப் பட்டம் போல ஏற்றுக்கொண்டாள்.

மகனுக்குக் கட்டட வேலை பிடிக்கவில்லை. "உங்க ரெண்டு பேர் உச்சியும் வழுக்கையானது போதும்" என்று சொல்லிவிட்டு, பெரிய சாலையோரம் லாரி கழுவும் ஷெட்டில் சேர்ந்தான். அங்கே ஆழ்துளைக் கிணறு இருந்தது. கை தடிமனுக்கு ஹோஸ் இருந்தது. பிறந்ததிலிருந்து பேசினுக்குள் மூன்று குவளையில் குளித்து வளர்ந்தவனுக்கு அந்த ஹோஸைப் பிடித்ததும் தலை கிறுகிறுத்தது. மாலையில் விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கி, சோப்பு வாசத்தோடு வீட்டுக்கு வருவான். "ஒரு லாரிக்கு ஊத்துற தண்ணியில நம்ம வீடு ரெண்டு மாசம் ஓடும்மா" என்று சந்தோஷமாகத்தான் சொன்னான். அவள் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்துபோனாள்.

ஒரு விடுமுறை நாள் காலையில் அவன் ஷெட்டிலிருந்து ஒரு துண்டு ஹோஸ் கொண்டு வந்து குழாயில் மாட்டி, அப்பாவின் சைக்கிளைக் கழுவினான். பாசத்தில் செய்த வேலை அது. கம்பி தெரியாமல் ஏறியிருந்த சிமெண்டெல்லாம் உரிந்து விழ, உள்ளே சைக்கிள் பச்சை நிறத்தில் இருந்தது. தன் சைக்கிள் பச்சை என்பதே கொத்தனாருக்கு அன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது. அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். கடைக்குப் போயிருந்த சொட்டக்கா திரும்பும்போது, தெருமுனை டீக்கடை வாசலில் தண்ணீர் ஓடி வருவதைப் பார்த்தாள். அது ஓடி வரும் வழியைப் பிடித்துக்கொண்டு எதிரே நடந்தாள். நடந்துகொண்டே வாய்க்கு வந்தபடி திட்டினாள். "எவ பெத்த பிள்ளையோ. வளர்த்த லட்சணத்தைப் பாரு" என்று இஸ்திரி வண்டிக்காரியிடம் சொன்னாள். இஸ்திரிக்காரி வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே வந்தாள். தண்ணீர் வந்த தடம் திருப்பத்தில் திரும்பி, மிளகாய்ச் செடியைச் சுற்றிக்கொண்டு, சொட்டக்காவின் வீட்டு வாசலில் போய் முடிந்தது.

அவள் குழாயை மூடினாள். மகனை ஏறிட்டுப் பார்த்தாள். "இன்னையோட உன்னைத் தலை முழுகிட்டேன்" என்றாள்.

"முழுகுறதுக்குத் தண்ணி எங்கக்கா இருக்கு?" என்றாள் இஸ்திரிக்காரி. "அதான் சைக்கிள் குடிச்சிருச்சே."

வரிசை வீடுகள் மொத்தமும் சிரித்தன. மகனும் சிரித்துவிட்டான். சொட்டக்கா சிரிக்கவில்லை. அவள் சுவரைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் ஆள் இல்லை. வாய்விட்டுச் சொன்னதைச் செய்து முடிக்க வேண்டும், சொன்ன வேலைக்குத் தண்ணீர் வேண்டும், அவ்வளவுதான் அவளுக்குப் புரிந்தது. கொத்தனார் சமாதானத்துக்கு வந்தார். "கை கழுவி விட்டுடேன், அதுக்கு ஒரு குவளை போதும்" என்றார். "தண்ணி தெளிச்சு விட்டுடும்மா, அதுக்கு நாலு சொட்டுதான் ஆகும்" என்றாள் தையல் கடையில் பொத்தான் கட்டும் மகள். சொட்டக்கா இரண்டையும் ஒப்புக்கொள்ளவில்லை. "ஆகாத வேலையத்தான் கை கழுவுவாங்க. பெத்ததை உச்சியிலேர்ந்து உள்ளங்கால் வரைக்கும் முழுசா முழுகணும்" என்றாள். வீட்டுப் பங்கிலிருந்து எடுத்தால் அது கணவனுக்கும் மகளுக்கும் சேர்ந்த தண்ணீர், அவர்களையும் எதற்கு இதில் இழுப்பது? பெயிண்ட் வந்த நீல டிரம் ஒன்றைத் தேய்த்துக் கழுவி அறை மூலையில் வைத்து, தன் பங்கிலிருந்து நாளுக்கு ஒரு டம்ளர், "தலை முழுகுறதுக்கு" என்று சொல்லிச் சொல்லி, அதில் ஊற்ற ஆரம்பித்தாள்.

முழுகும் வரை அவன் மகன், முழுகிய பிறகு யாரோ. இதில் அவள் கறாராக இருந்தாள். தட்டில் அவனுக்குச் சோறு விழுந்தது, பேச்சு மட்டும் விழவில்லை. அவனுக்கும் அவள் ரத்தம்தானே ஓடுகிறது. பாயைச் சுருட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் வருவான். வாசலில் நின்றபடியே தங்கையிடம், "எவ்வளவு ஆச்சு?" என்பான். "இடுப்பு வரைக்கும்" என்பாள் அவள். பிறகு ஒரு வருடம் கழித்து, "கழுத்து வரைக்கும்" என்றாள். "நல்லா சேரட்டும். அரைகுறையா முழுகிடப் போறாங்க" என்று அம்மா காதில் விழும்படி சொல்லிவிட்டு, சாப்பிட்டுத் தட்டைக் காய் கழுவிய தண்ணீரில் அலசி வைத்துவிட்டுப் போவான்.

ஒருநாள் டிரம் நிறைந்தது. மாலையில் கொத்தனார்தான், "நிறைஞ்சிருச்சே" என்றார். அவள் டிரம்மைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, "பத்தாது. அரைகுறையா முழுகினா ஒட்டிக்கிட்டு வரும்" என்று மறுநாளும் ஒரு டம்ளர் ஊற்றினாள். அது வழிந்திருக்க வேண்டும். வழியவில்லை. அதற்கு மறுநாளும் ஊற்றினாள். விளிம்புக்கு மேலே முதலில் ஒரு விரல், பிறகு நான்கு விரல், பிறகு ஒரு சாண் என்று தண்ணீர் எழுந்தது. கொத்தனார் ரசமட்டத்தை எடுத்து வந்து அதன் மேல் வைத்தார். உச்சியில் வைத்தாலும் சரிவில் வைத்தாலும் குமிழி நடுவிலேயே நின்றது. "மட்டம் சரியாத்தான் இருக்கு" என்று கட்டையைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார். தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடும் ஆள் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, குழாயில் வந்த தண்ணீர் குழாயை விட்டு வெளியே வந்தபின் என்ன செய்தாலும் அது தன் பொறுப்பில்லை என்று சொல்லிப் போனான். பூனை ஒன்று தினமும் வந்து அதை நக்கியது. நக்கிய பள்ளம் மாலைக்குள் தூர்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் மகன் வாசலில் நிற்கும்போது தண்ணீர்க் குவியல் வாசல் பக்கமாகச் சற்றே சாய்ந்தது. மகள்தான் அதை முதலில் பார்த்தாள். "தரை வாட்டம்" என்றாள் சொட்டக்கா. தரையில் அப்படி எந்தச் சரிவும் இல்லை என்பது கொத்தனாருக்குத் தெரியும்.

பிறகு மழை பொய்த்தது. அடுத்த வருடமும் பொய்த்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் வந்த தண்ணீர் வாரத்துக்கு ஒருமுறை வந்தது, பிறகு குழாயைத் திறந்தால் காற்று மட்டும் பெருமூச்சு விட்டது. லாரியில் வீட்டுக்கு இரண்டு குடம் வந்து இறங்கியது. கட்டட வேலைகள் நின்றன. இஸ்திரிக்காரி துணிக்குத் தெளிக்கத் தண்ணீர் இல்லாமல் கசங்கலோடு தேய்த்துக் கொடுத்தாள், அவர்களும் அப்படியே போட்டுக்கொண்டு போனார்கள். அப்போது சொட்டக்கா செய்ததையும் சொல்ல வேண்டும். வரிசை வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, "பிள்ளைங்களுக்குக் குடிக்க எடுத்துக்கங்க" என்று டிரம்மைக் காட்டினாள். அவர்கள் குடத்தோடு வந்தார்கள். டிரம்முக்குள் போன குவளை உலர்ந்த குவளையாகவே வெளியே வந்தது. மேலே இருந்து வழித்துப் பார்த்தார்கள், துணியைப் போட்டுப் பிழிந்து பார்த்தார்கள், கையில் ஈரம் பட்டதே தவிர ஒரு வாய்க்கு வரவில்லை. அவள் சமையலுக்கு மொண்டாலும் அப்படியே. அது ஒரே வேலைக்கென்று சேர்ந்த தண்ணீர், வேறு வேலை அதற்குத் தெரியவில்லை. "உன் பிள்ளைய முழுகினாத்தான் அது கரையும் போல" என்றாள் இஸ்திரிக்காரி. சொட்டக்கா வேலை இருப்பதுபோல உள்ளே போய்விட்டாள்.

லாரி கழுவும் ஷெட்டின் கிணறும் வற்றியது. மகன் சிமெண்ட் கிடங்கில் மூட்டை இறக்கும் வேலைக்குப் போனான். அந்த வேலையில் சாயங்காலம் உடம்பைக் கழுவியே ஆக வேண்டும். மற்ற ஆட்களுக்கு வீடு இருந்தது, வீட்டில் ஒரு செம்பாவது இருந்தது. இவன் கிடங்கிலேயே மூட்டைகளுக்கு நடுவில் படுத்தான். வியர்வையில் சிமெண்ட் குழைந்து, காய்ந்து, அதன்மேல் மறுநாள் சிமெண்ட் படிந்தது. முதலில் புருவம் இறுகியது. பிறகு முடி தொப்பி போல ஒரே கட்டியானது. "இன்னும் ரெண்டு நாள் விட்டா இவன் மேல செங்கல் வெச்சு ஏத்திடலாம்டா" என்று கூட்டாளிகள் சிரித்தார்கள். இடது முழங்கை மடங்காமல் போனபோது கிடங்கு மேஸ்திரி அதைக் குறையாகவே பார்க்கவில்லை. மடங்காத கையில் மூட்டை நழுவாது என்று அதிகமாக ஏற்றினான். தங்கை கிடங்குக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள். "முழுகட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்னு சொல்லு" என்றான் அவன். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் வரவில்லை. டிரம்மில் தண்ணீர் வாசல் பக்கம் சாய்ந்து, சாய்ந்தபடியே நின்றது. செவ்வாய்க்கிழமை பட்டப்பகலில் கூட்டாளிகள் இரண்டு பேர் அவனைத் தள்ளுவண்டியில் கிடத்தி, வீட்டு வாசலில் கொண்டுவந்து நிமிர்த்தி வைத்தார்கள். உட்கார வைக்க முடியவில்லை. முழங்கால் இறுகியிருந்தது. தாடையும் இறுகியிருந்ததால் அவனால் பேச முடியவில்லை.

கொத்தனார் பூச்சுக் கரண்டியின் காம்பால் மகனின் தோளில் தட்டிப் பார்த்தார். காதை வைத்துக் கேட்டார். மார்பில் தட்டினார். "மேல்பூச்சுதான். உள்ள பச்சையா இருக்கு" என்றார். "வெயில் சாயுறதுக்குள்ள கழுவிட்டா உதிர்ந்துடும். விட்டா செட் ஆயிடும்." செட் ஆனால் என்ன ஆகும் என்று அந்தத் தெருவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பாதிப் பேர் இறுகிய சிமெண்டை உளியால் கொத்தி எடுத்தவர்கள்.

வரிசை வீடுகள் இருந்ததைக் கொண்டு வந்தன. அரை டம்ளர், கால் செம்பு. இஸ்திரிக்காரி துணிக்குத் தெளிக்கவென்று பதுக்கியிருந்த ஒரு பாட்டிலைக் கொண்டு வந்தாள். எல்லாம் சேர்ந்து அவனுடைய ஒரு கண்ணைத்தான் திறக்க முடிந்தது. அந்த ஒற்றைக் கண் டிரம்மைப் பார்த்தது, பிறகு அம்மாவைப் பார்த்தது.

அவள் குவளையை டிரம்முக்குள் விட்டாள். வெறும் குவளை வந்தது. மறுபடி விட்டாள். மூன்றாம் முறை டிரம்மையே கட்டிப் பிடித்துச் சாய்த்தாள். டிரம் சாய்ந்தது, தண்ணீர் சாயவில்லை. "அது என்ன பண்ணும்?" என்றார் கொத்தனார். "எதுக்குச் சேர்க்கிறேன்னு நீ அதுகிட்ட தினமும் சொல்லிச் சொல்லித்தானே ஊத்தின."

அவள் டிரம்மை நிமிர்த்தி வைத்தாள். பிறகு குளிக்கும் பேசினை வாசலுக்கு இழுத்து, மகனைத் தூக்கி அதற்குள் நிறுத்தச் சொன்னாள். அவன் அவளைவிட உயரம். மேல்பூச்சுக்குக் கொத்தனார் ஏறி நிற்கும் முக்காலியை அவள் கொண்டுவந்து பேசினுக்குள் போட்டு அதன்மேல் ஏறினாள். கொண்டையை அவிழ்த்தாள். இரண்டு கையாலும் மகனை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தன் நெற்றியை அவன் உச்சியில் வைத்தாள். "என் தலையில ஊத்து" என்று மகளிடம் சொன்னாள். பிறகு ஆறு வீட்டுக்கும் கேட்கும்படி, "என் பிள்ளைய நான் தலை முழுகுறேன்" என்றாள்.

குவளை நிறைந்து வந்தது.

முதலில் கும்பாரம் கரைந்தது. தண்ணீர் அவள் உச்சியில் முடி முளைக்காத இடத்தில் விழுந்து, கூந்தல் வழியாக இறங்கி, அவன் தலைக்குப் போனது. தொப்பி போல இருந்தது பிளந்து விழுந்தது. புருவம் கரைந்தது. காதிலிருந்து ஒரு கட்டி வந்து விழுந்தது. மகள் மொண்டு மொண்டு ஊற்றினாள். தாடை விட்ட சத்தம் இஸ்திரி வண்டி வரைக்கும் கேட்டது. அவன் இரண்டு முறை வாயைத் திறந்து மூடிப் பார்த்தான். பிறகு, "அம்மா, அந்தப் பக்கம் தண்ணி தெறிக்குது. முடிய உள்ள இழுத்துக்க" என்றான்.

அவள் இழுத்துக்கொண்டாள். டிரம்மின் அடிவரை மகள் ஊற்றி முடித்து, முழங்கால் மடங்கி அவன் பேசினுக்குள் உட்கார்ந்ததும் சொட்டக்கா முக்காலியிலிருந்து இறங்கினாள். கூந்தலைப் பேசினுக்குள்ளேயே பிழிந்தாள்.

"யாருக்கு யாரு அம்மா? முழுகியாச்சு" என்றாள். துண்டால் தலையைக் கட்டிக்கொண்டு அவனை மேலும் கீழும் பார்த்தாள். "யாரு தம்பி நீ?"

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "சிமெண்டு கிடங்குல மூட்டை தூக்குறேங்க."

"வீடு?"

"இருந்துச்சு. இப்ப இல்ல."

"குளிக்க எத்தனை குவளை ஆகும்?"

"மூணு. வெயில் காலத்துல நாலு."

"குளிச்ச தண்ணிய என்ன பண்ணுவ?"

"துணி துவைப்பேன். அப்புறம் தரை துடைப்பேன். அப்புறம்..."

"போதும். உள்ள வா. சோறு ஆறிப் போகுது."

"முன்ன பின்ன தெரியாத ஆள வீட்டுக்குள்ள சேர்க்கிற. பார்த்து" என்றார் கொத்தனார், சுவரைப் பார்த்தபடி.

பேசினில் சாம்பல் நிறத்தில் கெட்டியாக நின்ற தண்ணீருக்கு இன்னும் மூன்று வேலை பாக்கி இருந்தது. அதில் துணி துவைக்க முடியாது, தரையும் துடைக்க முடியாது. கொத்தனார் அதில் மணலைப் போட்டுக் குழைத்து, உடைந்து கிடந்த வாசற்படியைப் பூசினார். அந்தப் படி காயவில்லை. இறுகியது, கல்லாக நின்றது, ஆனால் ஈரம் போகவில்லை. எந்த வெயிலிலும் அது குளிர்ந்து கிடந்தது. தண்ணீர் லாரிக்காக நிற்பவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்கள். பூனை பழையபடி வந்து அதை நக்கியது.

மகன் அந்த வீட்டில் குடிவந்த ஆளாகவே இருந்தான். சொட்டக்கா அவனைத் தம்பி என்று கூப்பிட்டாள், வாங்க போங்க மட்டும் சேர்க்கவில்லை. அவன் அவளை வீட்டுக்காரம்மா என்றான். இஸ்திரிக்காரி கேட்டபோது, "நல்ல பையன், தண்ணி செலவு தெரிஞ்சவன். எந்தப் புண்ணியவதி பெத்தாளோ" என்றாள். அப்பாவோடு வேலைக்குப் போய்ச் சுவர் ஏற்றக் கற்றுக்கொண்டான். அடுத்த வருடம் மழை பெய்தது. அதற்கடுத்த மாதம் ஒரு காலையில் குழாய் இருமிவிட்டுத் தண்ணீரைக் கொட்டியது. வரிசை வீடுகள் குடத்தோடு ஓடின. அவன் பிடித்த குடம் கழுத்து வரை நிறைந்து, வாய் வரை நிறைந்தது. குழாயை மூடக் கை வைத்தான்.

"டேய், இன்னும் ரெண்டு விரல் பிடிடா" என்றாள் சொட்டக்கா பின்னாலிருந்து.

அவன் கை குழாயிலேயே நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை. "நிறைஞ்சிருச்சும்மா" என்றான்.

"நிறைஞ்சா என்ன? நிக்கும்."

அவன் பிடித்தான். நின்றது.